பெரியவர்களுக்கான ஏ.டி.எச்.டி. வினாத்தாள்: ஏ.எஸ்.ஆர்.எஸ். எவ்வளவு நம்பலாம்?

ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் கோளாறு) அறிகுறிகள் இருக்கிறதா என்று நாமே நிரப்பிப் பார்க்கும் தாள்தான் ஏ.எஸ்.ஆர்.எஸ். உலக சுகாதார நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கப்பட்ட இந்தத் தாளில் மொத்தம் 18 கேள்விகள். முதல் 6 கேள்விகள்தான் வடிகட்டி; நிரப்ப ஐந்து நிமிடம் போதும். வேலையின் கடினமான பகுதியை முடித்துவிட்டுக் கடைசிச் சில்லறை வேலையில் தேங்கிப்போவீர்களா என்பது முதல் கேள்வி. நச்சென்ற கேள்வி!

கடந்த 6 மாதத்தை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். முதல் 3 கேள்விகளுக்கு 'சில சமயம்' என்றாலே கணக்கில் வரும். அடுத்த 3-க்கு 'அடிக்கடி' அல்லது அதற்கு மேல் வேண்டும். நான்கு தேறினால் மருத்துவரைப் பார்க்கலாம். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்: ஆறுக்கும் ஒரே அளவுகோலை வைத்துவிடுகிறார்கள்.

பெரிய குறை, சிறுவயதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. டி.எஸ்.எம்.-5 (அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் நோயறிதல் கையேடு) விதிப்படி 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். வீடு, வேலை என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். தூக்கக் குறைவு, பதற்றம், மனச்சோர்வு, தைராய்டு கோளாறு எல்லாமே இந்தத் தாளில் ஏ.டி.எச்.டி. வேஷம் போடும். அதனால் மனநல மருத்துவரிடம் போகும்போது பழைய ரேங்க் கார்டையும், முடிந்தால் அம்மாவையோ அக்காவையோ கூட்டிப் போங்கள். 'புத்திசாலி, கவனம் போதாது' என்ற ஆசிரியர் குறிப்பு பத்துக் கேள்விக்குச் சமம்.

தாளைப் பார்த்ததுமே, ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்க்காமல் மெத்தில்ஃபெனிடேட் என்ற ஏ.டி.எச்.டி. மருந்தை எழுதுகிறார் என்றால் வேறு மருத்துவரைத் தேடுங்கள். இன்னொரு ஏ.டி.எச்.டி. மருந்தான அடமாக்ஸெடின் என்றால் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். பத்தே நாளில் நிறுத்திவிடாதீர்கள்.

விலை: இலவசம். வடிகட்டியாக 4/5. நோயறிதலாக, பூஜ்யம்.