கடல்காற்றில் பத்மினி: புது பிரேக் பைப், பெட்ரோல் பைப் போட்ட பிறகு

எங்கள் வீட்டு பிரீமியர் பத்மினி கார் 1982 மாடல். புதுச்சேரி தேங்காய்த்திட்டில் நிற்கிறது. கடல் பக்கத்திலேயே என்பதால் வண்டியின் அடியில் இருக்கிற இரும்பு எதற்கும் ஆயுசு கம்மி. பாடி வேலை முடிந்த கையோடு பிரேக் பைப், பெட்ரோல் பைப் எல்லாவற்றையும் அளவெடுத்துப் புதிதாகச் செய்து போட்டோம். மூன்று மழைக்காலம் தாண்டியாயிற்று.

பத்மினியில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற பாகம்) ஒற்றை சர்க்யூட், அதாவது நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி. ஒரு பைப் விட்டு ஆயில் ஒழுகினால் பெடல் தரைக்குப் போய்விடும், நாலு பிரேக்கும் காலி. அதனால் இதில் மட்டும் கணக்குப் பார்க்கவில்லை.

முதலில் கிடைத்த யோசனை, ஏசிக்குப் போடுகிற செப்புக் குழாய். மலிவு, கையாலேயே வளையும். வேண்டாம் என்றேன். சுத்தமான செம்பு அதிர்வில் நாளாக ஆக இறுகி, விரிசல் விடும். இணைப்புக்காகக் குழாயின் வாயை ஒற்றை மடிப்பாக விரிப்பது ஏசிக்குச் சரி, பிரேக் அழுத்தத்துக்கு ஆகாது. நான் எடுத்தது குப்ரோநிக்கல். செம்போடு சுமார் 10 சதவீதம் நிக்கல், துளி இரும்பும் மாங்கனீசும். வோல்வோ கார்களில் 1970-களிலேயே வந்துவிட்ட சரக்கு. விலை இரும்புக் குழாயைவிட நன்றாகவே கூடுதல். பிரேக்குக்கு 4.75 மி.மீ., பெட்ரோலுக்கு 8 மி.மீ.

வளைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். மெக்கானிக் அண்ணன் பழைய பைப்பை வெட்டாமல் முழுசாகக் கழற்றித் தரையில் வைத்து, வெல்டிங் கம்பியை அதே மாதிரி வளைத்துக்கொண்டார். கம்பியை வண்டியில் வைத்துப் பார்த்த பிறகுதான் குழாயைத் தொட்டார். மாஸ்டர் சிலிண்டர் பக்கத்தில் ஒரு சுருள் விட்டார், என்ஜின் அதிர்வை அது வாங்கிக்கொள்ளும். நட்டைக் கோர்த்துவிட்டு, பழைய பைப்பின் வாய் எந்த வடிவமோ அதே வடிவத்தில் விரித்தார். அவசரப்படாத ஆள் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இப்போதைய நிலைமை: குழாய் கறுத்திருக்கிறது, அரிப்பு இல்லை. துருப்பிடித்தது இரும்பு நட்டுகளும் கிளிப்புகளும்தான். கிளிப்பின் ரப்பருக்கு அடியில் உப்புச் சேறு தங்கிவிடுகிறது. மழைக்காலம் முடிந்ததும் கிளிப்பைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவுகிறேன். பிரேக் ஆயில் டாட் 4 ரகம். ஈரத்தை உறிஞ்சிவிடும், இரண்டு வருடத்துக்கொரு முறை மாற்றி, பைப்பில் சிக்கிய ஏரை வெளியே எடுப்பது நல்லது. பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் உரிந்துவிடும்.

பெட்ரோல் பக்கம் தொல்லை கொடுத்தது குழாய் அல்ல, ரப்பர். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். வண்டியின் பெட்ரோல் பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிற ரப்பர் ஹோஸ் ஊதி, தடவினால் விரலில் கறுப்பாக ஒட்டியது. எத்தனால் தாங்கும் ஹோஸ் போட்ட பிறகு வாடையும் நின்றது.

அடுத்தது பிரேக்கின் ரப்பர் ஹோஸ்கள். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே ஊதி அடைத்துக்கொண்டால் பெடலை விட்ட பிறகும் சக்கரம் பிடித்தபடியே இருக்கும். முன் இடது சக்கரத்தில் லேசாக அந்த அறிகுறி தெரிகிறது, பொங்கலுக்குள் மாற்றிவிட வேண்டும்.