திரும்ப வருமா? வேறாகிவிட்டதா?

அக்கா மகள் திருவல்லிக்கேணியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் அவள் நோட்டில் ஒரு வரி பார்த்தேன்: "மாற்றத்துக்குப் பிறகு பொருள் பழையபடி திரும்பினால் இயற்பியல் மாற்றம், திரும்பாவிட்டால் வேதியியல் மாற்றம்." அதைக் காட்டி, "அப்போ அரிசியை மாவாக்கினா, சித்தி?" என்று கேட்டாள்.

சரியான கேள்வி. மாவு ஒருநாளும் அரிசியாகத் திரும்பாது. ஆனால் அரிசியில் இருந்த அதே மாவுச்சத்துதான் மாவிலும் இருக்கிறது. அரைத்ததில் புதிதாக எதுவும் பிறக்கவில்லை.

இரண்டு மாற்றங்களையும் பிரித்தறிய நம் கையில் இரண்டு சோதனைகள் இருக்கின்றன. ஒன்று, 'திரும்ப வருமா?' இன்னொன்று, 'வேறு பொருளாகிவிட்டதா?' பாதி நேரம் இரண்டும் ஒரே பதிலைத் தருவதால், இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். அவை பிரியும் இடத்தைச் சென்னையை வைத்தே அவளுக்குச் சொன்னேன்.

அவள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஐஸ் ஹவுஸ். அமெரிக்க வணிகர் ஃபிரெடரிக் டியூடர் அனுப்பிய பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் எழுந்த கட்டடம். மாசசூசெட்ஸில் குளிர்காலத்தில் உறைந்துபோகும் ஏரிகளில் கட்டிகளாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, பாய்மரக் கப்பலில் ஏற்றினார்கள். சூயஸ் கால்வாய் திறந்ததே 1869-இல்தான். ஆக, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் பயணம். அப்படியும் பனி மிஞ்சியதற்கு ஒரு காரணம், ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீரை 80 டிகிரிக்குச் சூடாக்கப் போதுமான வெப்பம் அது! வழியில் உருகி ஓடியதும் தண்ணீர் மூலக்கூறு, மதராஸ் வந்து சேர்ந்ததும் அதே மூலக்கூறு. மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்திருந்த பிடிதான் தளர்ந்தது. இது இயற்பியல் மாற்றம். இங்கே இரண்டு சோதனைகளும் ஒரே பதிலைத்தான் சொல்கின்றன.

(1897-இல் விவேகானந்தர் தங்கிச் சென்ற கட்டடமும் இதுதான். இன்று விவேகானந்தர் இல்லம் என்று பெயர். ஆனாலும் வட்டாரத்துக்கு ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் போகவில்லை.)

அடுத்தது மதராஸ் சுண்ணாம்பு, அதாவது கிளிஞ்சலைச் சுட்டுச் செய்த சுவர்ப் பூச்சு. முதல் சோதனை கவிழ்வது இங்கேதான்.

கிளிஞ்சல் என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். காளவாயில் போட்டுச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். 100 கிலோ சுத்தமான கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் 56 கிலோதான் கையில் நிற்கும், 44 கிலோ வாயுவாகப் போய்விடும். அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து, ஆவி பறக்க, நீற்றுச் சுண்ணாம்பு ஆகும். மணல் சேர்த்துச் சுவரில் பூசினால், அது காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகிறது. அதாவது, பூச்சு இறுகிய பிறகு அதிலிருக்கும் சுண்ணாம்பு, பழையபடி கிளிஞ்சலின் பொருள்தான்! முட்டை வெள்ளைக்கரு போன்றவற்றைச் சேர்த்து, பளிங்குபோல் மின்னும்வரை தேய்த்துத் தேய்த்து முடித்த அந்தப் பூச்சுக்காகவே மதராஸ் பெயர் பெற்றிருந்தது.

கிளிஞ்சல் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது. 'திரும்ப வருமா?' என்று மட்டும் கேட்டால் இதை இயற்பியல் மாற்றம் என்று எழுதிவிடுவோம். நடந்ததோ அடுத்தடுத்து மூன்று வேதியியல் மாற்றங்கள். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியும் இப்படித்தான். மின்சாரம் தரும்போது ஈயமும் ஈய டை ஆக்சைடும் ஈய சல்பேட்டாக மாறும், சார்ஜ் ஏறும்போது பழையபடி திரும்பும்.

அதனால் என் ஓட்டு இரண்டாவது சோதனைக்கு. முதலாவதை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. மெழுகு, பனிக்கட்டி, இரும்புத் துரு என்று தொடங்கும் குழந்தைக்கு அது நல்ல கைப்பிடி. ஆனால் அதையே இலக்கணமாக எழுதிக் கொடுப்பது தவறு என்று உறுதியாக நினைக்கிறேன்.

இரண்டாவதிலும் சிரமம் உண்டு. மூலக்கூறு கண்ணுக்குத் தெரியாது. வாயு, நிறம், சூடு, வாசனை என்று தடயங்களைத்தான் நம்ப வேண்டும், தடயமும் ஏமாற்றும். கோலி சோடாவைத் திறந்தால் பொங்குகிறது. எலுமிச்சைச் சாற்றில் ஆப்ப சோடா போட்டாலும் பொங்குகிறது. முதலாவதில் அழுத்தி அடைத்த வாயு வெளியே வருகிறது, இரண்டாவதில் வாயு அப்போதுதான் உண்டாகிறது. 'இந்த வாயு முன்பு எங்கே இருந்தது?' என்று கேட்கப் பழக்கினால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். தண்ணீரில் உப்புக் கரைவதைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் உண்டு. கல்லுப்பாக இருக்கும்போதும் அதே சோடியம், குளோரைடு அயனிகள்தான் என்பதால் நான் இயற்பியல் பக்கம்.

இரண்டு மாற்றங்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதைத் தண்ணீரே காட்டும். கொதிநிலையில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 2,260 ஜூல் போதும். அதே ஒரு கிராமை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கச் சுமார் 15,900 ஜூல் வேண்டும், ஏழு மடங்கு. கைகோத்து நிற்கிறவர்களை விலக்குவது வேறு, ஆளையே பிரித்துப் போடுவது வேறு.

கடைசியாகக் கற்பூரம். சாமி மாடத்தில் திறந்து வைத்தால் கரைந்து காணாமல் போகிறது. ஏற்றினாலும் காணாமல் போகிறது. "ரெண்டும் திரும்ப வரலையே?" என்றாள். ஒரு துண்டை எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, தட்டால் மூடி, தட்டின் மேல் ஐஸ் கட்டி வைத்து, கிண்ணத்தை வெந்நீரில் இறக்கினோம். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டைத் திருப்பினால் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. முகர்ந்து பார்த்துச் சிரித்தாள். அப்புறம் ஆரத்தித் தட்டில் இருந்த கரியை விரலால் தொட்டு, அதையும் முகர்ந்தாள்.

"இது கற்பூரமே இல்லை, சித்தி."