ஓட்டு எல்லா இடத்திலும் உண்டு. முடிவு எங்கே எடுக்கப்படுகிறது?

தேர்தல் நடக்கிறதா என்று மட்டும் பார்த்தால் ஜனநாயக நாட்டையும் மற்றதையும் பிரித்தறிய முடியாது. வேட்புமனு, எண்ணிக்கை, பதவி நீக்கம் என்ற மூன்று இடங்களில்தான் சாயம் வெளுக்கும்.

பிரான்சில் அதிபர் தேர்தலில் நிற்க, பதவியிலுள்ள மக்கள் பிரதிநிதிகள் 500 பேரின் கையெழுத்து வேண்டும். அதுவும் குறைந்தது 30 மாவட்டங்களிலிருந்து. சின்னக் கட்சிகளுக்கு இது பெரும்பாடு. ஆனால் கணக்கு தேறிவிட்டால், ஆளைப் பிடிக்கவில்லை என்று தள்ள வழியில்லை. கையெழுத்திட்டவர்கள் பெயரும் வெளியிடப்படும். ரஷ்யாவிலும் காகிதத்தில் கையெழுத்து விதிதான். 2024இல் போர் எதிர்ப்பாளர் போரிஸ் நதேஜ்தின் ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்தார். 9,000க்கும் அதிகமானவை செல்லாது, 5 சதவீத வரம்பைத் தாண்டிவிட்டது என்று மனு தள்ளுபடி. விதியைவிட அதைச் சரிபார்ப்பவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதே முக்கியம்.

ஈரானில் இன்னும் வெளிப்படை. 12 பேர் கொண்ட காவலர் மன்றம் வேட்பாளர்களைச் சலிக்கிறது. அதில் 6 மதகுருக்களை உச்சத் தலைவரே நியமிப்பார். 2021இல் மனு போட்டவர்கள் 592 பேர், தேறியவர்கள் 7. உச்சத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் 88 பேர் அவைக்கு யார் நிற்கலாம் என்பதையும் இதே மன்றம்தான் சொல்லும்!

எண்ணிக்கைக்கு வெனிசுவேலா நல்ல பாடம். அங்கே ஒவ்வொரு வாக்கு இயந்திரமும் கடைசியில் ஒரு முடிவுத் தாளை அச்சிடும். கட்சி முகவர்களுக்கும் நகல் உண்டு. 2024 ஜூலை அதிபர் தேர்தலில், அப்போதைய அதிபர் மதூரோ வென்றதாகத் தேர்தல் ஆணையம் அறிவித்தது. வாக்குச்சாவடிவாரிக் கணக்கை வெளியிடவில்லை. எதிர்க்கட்சியோ 80 சதவீதத்துக்கு மேற்பட்ட தாள்களை இணையத்தில் ஏற்றியது. அவற்றின்படி வென்றவர் எதிர்க்கட்சி வேட்பாளர் எட்முண்டோ கொன்சாலஸ். பதவியேற்றவர் மதூரோ. முகவர் கையில் நகல் இருந்தால் பொய் அம்பலப்படும்; பொய் முடிவை ரத்து செய்ய அரசுக்குக் கட்டுப்படாத நீதிமன்றம் வேண்டும்.

ஜனநாயகத்தின் பலவீனம் இழுபறி. பெல்ஜியம் 2010–11இல் 541 நாள் முழு அரசு இல்லாமல் ஓடியது. ஜெர்மனி இதற்கு ஒரு பூட்டு வைத்திருக்கிறது: மாற்று ஆளைப் பெரும்பான்மையோடு தேர்ந்தெடுத்தால்தான் பிரதமரை இறக்க முடியும். 1982 அக்டோபர் 1இல் பிரதமர் ஹெல்முட் ஷ்மிட் போய் ஹெல்முட் கோல் வந்தது ஒரே வாக்கெடுப்பில். சீனாவில் இந்த இழுபறியே இல்லை: 2018இல் அதிபருக்கான இரண்டு தவணை வரம்பு நீக்கப்பட்டபோது நாடாளுமன்றத்தில் ஆதரவு 2,958, எதிர்ப்பு 2.