டோட்டோரோ, அப், ராட்டட்டூயி: ஐம்பதாவது தடவைக்கும் தாங்குவது எது?

பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு அனிமேஷன் படத்தை ஒருமுறை பார்ப்பது பெரிய காரியமில்லை. அது பிள்ளைக்குப் பிடித்துப்போனால்தான் சிக்கல். அடுத்த மூன்று மாதத்துக்கு வீட்டில் வேறு படம் ஓடாது. முதல் தடவை கண்ணைத் துடைக்க வைத்த படமே எட்டாவது தடவை ரிமோட்டைத் தேட வைக்கும்.

ஓவியம், இசை, விருது எல்லாவற்றிலும் மூன்றுமே தேறிய படங்கள். அங்கே நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பெரியவர்களுக்கான சரக்கு படத்தில் எங்கே இருக்கிறது? தனியாக ஒரு மூலையிலா, அல்லது குழந்தை பார்க்கும் அதே காட்சிக்குள்ளேயா?

'ராட்டட்டூயி' (2007, பிராட் பேர்ட்) 111 நிமிடம். எலி சமைக்கிறது என்றதும் சின்னவர்கள் ஓடிவந்து உட்காருவார்கள். ஆனால் கதையை நகர்த்துவது ஓர் உயில், தலைமுடியை வைத்து ஒரு டிஎன்ஏ சோதனை, செத்துப்போன சமையல்காரரின் பெயரில் விற்கும் உறையவைத்த உணவு. ஆறு வயதுக்குக் கீழே என்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு "ஏன்?" நிச்சயம். விமர்சகர் ஆன்டன் ஈகோ ஒரு வாய் எடுத்து வைத்ததும் பேனா கைநழுவி, அம்மா வீட்டு வாசலில் நிற்கும் சிறுவனாகும் அந்தச் சில நொடிகளுக்கு ஈடு கிடையாது. எட்டு வயதுக்கு மேல் தாராளமாகப் போடலாம்.

'அப்' (2009, பீட் டாக்டர்) 96 நிமிடம். கார்லும் எல்லியும் வாழ்ந்து முடிக்கும் வாழ்க்கை வசனமே இல்லாமல் நாலு நிமிடச் சொச்சத்தில் ஓடும். பயணத்துக்காகச் சில்லறை சேர்க்கும் ஜாடியைக் கவனியுங்கள். டயர் போகும், ஜாடி உடையும். கால் ஒடியும், ஜாடி உடையும். கூரையில் மரம் விழும், மறுபடி உடையும். குழந்தைக்கான அறைக்கு வண்ணம் தீட்டியதை அடுத்து, எல்லி மருத்துவமனையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள். பெரியவருக்குத் தொண்டை அடைக்கும். பக்கத்தில் இருக்கும் ஐந்து வயது, "அந்த அக்கா ஏன் அழறாங்க?" என்று கேட்கும். பதிலை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்வது நல்லது. கொஞ்ச நேரத்தில் எல்லியும் இருக்கமாட்டாள்.

வீடு பலூனில் கிளம்பியபின் படம் வேறு. பேசும் நாய்கள், ஆகாயக்கப்பல், துரத்தல். பிள்ளை மறுபடி மறுபடி கேட்பது இந்த நாய்களைத்தான். பெரியவரின் பங்கு முன்பக்கத்திலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. ஒரு விலக்கு உண்டு. எல்லியின் ஆல்பத்தைக் கடைசிவரை புரட்டிப் பார்த்தபின், வீட்டை மீண்டும் மேலே கிளப்ப கார்ல் நாற்காலி முதற்கொண்டு சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே தள்ளுவார். பாரம் குறைந்தால் வீடு எழும்பும் என்று குழந்தைக்குப் புரிகிறது. எந்தப் பாரம் என்று பெரியவருக்குப் புரிகிறது. படம் முழுக்க இப்படியே இருந்திருந்தால் இந்த ஒப்பீட்டுக்கே வேலை இருந்திருக்காது.

டோட்டோரோ அதைத்தான் தொடக்கத்திலிருந்து செய்கிறது. 1988, ஹயாவோ மியாசாக்கி, 86 நிமிடம். வில்லன் இல்லை, துரத்தல் இல்லை, இரட்டை அர்த்த நகைச்சுவை இல்லை. அக்கா சாட்சுகி, நாலு வயது மேய், அப்பா மூவரும் கிராமத்து வீட்டுக்குக் குடிவருகிறார்கள், அம்மா மருத்துவமனையில். என்ன நோய் என்று படம் சொல்வதில்லை. மியாசாக்கியின் அம்மா முதுகெலும்புக் காசநோயில் பல ஆண்டுகள் கிடந்தவர் என்பது தெரிந்தால், அந்த மௌனம் எங்கிருந்து வந்தது என்று பிடிபடும்.

மருத்துவமனைக் காட்சியில் அம்மா சாட்சுகிக்குத் தலை வாரிவிடுகிறாள். மேய் "எனக்கும்" என்று முண்டியடிக்கிறாள். குழந்தைக்கு அது அம்மா மடிக்கான போட்டி. பெரியவருக்கோ, காலையில் எழுந்து எல்லாருக்கும் சோறு கட்டிக் கொடுக்கும் பெண் சில நிமிடம் மட்டும் குழந்தையாக இருக்கக் கிடைத்த வாய்ப்பு. ஒரே சீப்பு, ஒரே காட்சி.

மழையில் பேருந்து நிறுத்தமும் அப்படியே. தூங்கிவிட்ட தங்கை முதுகில், அப்பாவுக்கான குடை கையில், பேருந்து வருகிறபாடில்லை. காட்டில் வாழும் பெரிய, ரோமம் அடர்ந்த உயிரான டோட்டோரோ வந்து பக்கத்தில் நிற்கிறது. சாட்சுகி நீட்டிய குடையில் சொட்டும் சத்தம் பிடித்துப்போய் ஒரே குதி குதிக்க, மரத்து நீரெல்லாம் கொட்டுகிறது. பிள்ளை அந்தக் குதிக்குச் சிரிக்கும். பெரியவர் அதுவரை அந்தச் சிறுமியோடு சேர்ந்து அப்பாவுக்காகக் காத்துக்கொண்டிருந்திருப்பார்.

குறை இல்லாமல் இல்லை. மேய் டோட்டோரோவைக் கண்டுபிடிக்கவே ஏறத்தாழ அரைமணி ஆகும். வேகமான படங்களுக்குப் பழகிய பிள்ளை அதற்குள் எழுந்து போகலாம். மேய் காணாமல் போய், குளத்தில் ஒரு செருப்பு கிடைக்கும் இடம் சின்னவர்களைவிடப் பெற்றோரைத்தான் அதிகம் உலுக்கும். பன்னிரண்டு வயதுக்கு மேல் முதன்முறை பார்ப்பவர்களிடம் இது எடுபடுமா என்று அடித்துச் சொல்லத் தயக்கம்தான்; அங்கே 'ராட்டட்டூயி'தான் பாதுகாப்பு.

டோட்டோரோவைப் போடுமுன் இரண்டு சரிபார்ப்புகள். ஒன்று, டிவியின் மோஷன் ஸ்மூத்திங். படம் நொடிக்கு 24 சட்டகம். கையால் வரைந்த படத்தில் ஒரே ஓவியம் இரண்டு மூன்று சட்டகங்களுக்கு நிற்கும். டிவி நடுவில் தானாகச் சட்டகங்களைச் செருகினால் கோட்டு ஓரங்கள் ரப்பர்போல் இழுபடும், கை கால் அசையும் இடத்தில் நிழல் ஒட்டும். கணினியில் உருவான மற்ற இரண்டிலும் இது அவ்வளவாக உறுத்தாது. இதில் கண்ணைக் குத்தும். பட அமைப்பில் அதை அணைத்துவிடுங்கள்.

இரண்டு, சப்டைட்டில். டப்பிங் வசனத்தையே எழுத்தாகப் போட்ட பதிப்புகள் உண்டு. ஜப்பானிய ஒலியோடு அதை வைத்தால் வாயில் ஒன்றும் எழுத்தில் இன்னொன்றுமாக ஓடும். இரண்டு வரிசை இருந்தால் சிசி (CC, காது கேளாதவர்களுக்கான எழுத்து) என்று குறிக்காததைத் தேர்ந்தெடுத்து ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். படிக்கத் தெரியாத பிள்ளைக்கு டப்பிங்தான் வழி. அதுவும் கிடைக்காவிட்டால் பரவாயில்லை. முக்கியமான காட்சிகளில் பேச்சு குறைவு.

கடைசிப் பாட்டு தொடங்கியதும் நிறுத்திவிடாதீர்கள். அடுத்த படத்துக்குத் தாவும் ஆட்டோபிளேயையும் முன்கூட்டியே அணைத்து வையுங்கள். அம்மா வீடு திரும்புவது படத்துக்குள் இல்லை. பெயர்கள் ஓடும்போது வரும் ஓவியங்களில்தான் இருக்கிறது.