பழைய மாருதி 800: இழுவை குறைந்தால் எங்கிருந்து பார்ப்பது?

1994 மாடல் மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர், நாலு கியர். கோயம்புத்தூரில் பத்து வருஷத்துக்கும் மேலாக என்னிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. இடையில் ஒரு கட்டத்தில் வண்டியின் இழுவை நன்றாகவே குறைந்துவிட்டது. அதன் காரணத்தைத் தேடியபோது தெரிந்துகொண்டவற்றை, இதே வண்டியை இன்னும் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பிக்கப் இல்லை என்று சொன்னதுமே பல பட்டறைகளில் கை நேராக, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டருக்குத்தான் போகும். என் வண்டிக்கும் அதுதான் நடந்தது. கழற்றிச் சுத்தம் செய்தார்கள், ரிப்பேர் கிட் போட்டார்கள், ஐடிலிங் வைத்துக் கொடுத்தார்கள். இரண்டு நாள் நன்றாக இருப்பதுபோல் தோன்றும், அப்புறம் பழையபடிதான். பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர் எல்லாம் மாற்றியும் பலனில்லை.

வேறொரு மெக்கானிக் வண்டியைத் தொடுவதற்கு முன் ஒன்று கேட்டார். "எப்பங்க சார் இழுக்க மாட்டேங்குது? சமதளத்துலயா, ஏத்தத்துலயா? சூடான பிறகா, காலையில எடுக்கும்போதேவா?" அதுவரை யாரும் கேட்காத கேள்வி. யோசித்துப் பார்த்தால் இரண்டு தனித்தனித் தொல்லைகள் இருந்தன. அவிநாசி ரோட்டில் லேசாக மிதித்துப் போகும்போது வண்டி மந்தமாக இருந்தது, மைலேஜும் குறைந்திருந்தது. அது ஒன்று. மேட்டுப்பாளையம் தாண்டி கோத்தகிரி மலை ஏறும்போது, குஞ்சப்பனைக்கு மேலே, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு இரண்டாவது கியரிலும் திணறியது. அது இன்னொன்று.

முதலில் வண்டியை ஜாக்கியில் தூக்கி நாலு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்த்தார். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் இன்ஜினைக் குறை சொல்லிப் பயனில்லை. கிளட்ச் நழுவுகிறதா என்றும் ஓட்டிப் பார்த்தார். இரண்டும் சரி.

அடுத்தது டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பாகம். அதன் பக்கவாட்டில் வட்டமாக ஒரு சின்ன டப்பா இருக்கும், வேக்கம் அட்வான்ஸ். அதற்குக் கார்புரேட்டரிலிருந்து வரும் மெல்லிய ஓஸைக் கழற்றி, டப்பாப் பக்கம் வாய் வைத்து உறிஞ்சினார். உள்ளே இருக்கும் தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். நகரவே இல்லை; காற்று தாராளமாக வந்தது. உள்ளே இருக்கும் டயாஃப்ரம், அதாவது ரப்பர் சவ்வு, கிழிந்திருக்கிறது.

லேசாக மிதித்து ஓட்டும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு. எரிய அதிக நேரம் எடுக்கும். அதனால் தீப்பொறி கொஞ்சம் முன்கூட்டியே விழ வேண்டும். அந்த வேலையைச் செய்வது இந்த டப்பாதான். அது செத்துப்போனால் எரிதல் தாமதமாகி மைலேஜ் விழும், இன்ஜினும் கூடுதலாகச் சூடாகும். ஆனால் அதை இயக்குவது கார்புரேட்டரிலிருந்து ஓஸ் வழியாக வரும் உறிஞ்சல், அதாவது வேக்கம். முழுதாக மிதித்தால் அந்த வேக்கமே இருக்காது; அப்போது இதற்கு வேலையும் இல்லை. ஆக, சமதள மந்தத்துக்கு இது காரணமாகலாம், மலையில் திணறுவதற்கு ஆகாது. பழுதான பாகம் ஒன்று கிடைத்தும் அவர் அத்தோடு நிறுத்தாததற்கு இதுதான் காரணம்.

பிறகு கம்ப்ரஷன் கேஜ், சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று காட்டும் மீட்டர். இன்ஜின் சூட்டோடு மூன்று பிளக்கையும் கழற்றி, இக்னிஷன் காயிலின் ஒயரைப் பிரித்து, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். இரண்டு சிலிண்டரில் முள் 160 பிஎஸ்ஐயை ஒட்டி நின்றது. மூன்றாவதில் 115. அதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார், ஏறவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அடைத்துக்கொண்டு முள் ஏறியிருக்கும். ஏறாததால் சந்தேகம் வால்வு பக்கம் திரும்பியது. வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் பல் தாண்டியிருந்தால் மூன்றுமே குறைந்திருக்கும் என்றார்.

வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் சின்ன இடைவெளியைத்தான் டேப்பட் இடைவெளி என்பார்கள். டேப்பட் மூடியைத் திறந்து இன்ஜின் ஆறியதும் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டால், அந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில் இடைவெளியே இல்லை. சூடாகும்போது வால்வு நீளும். இடைவெளி இல்லாவிட்டால் சீட்டில் முழுதாக உட்காராமல் கசியும். அதனால்தான் காலையில் தெரியாத குறை மலையில் தெரிந்திருக்கிறது. டேப்பட் சத்தம் கேட்டால் நாமெல்லாம் பதறுகிறோம். உண்மையில் சத்தமே இல்லாத டேப்பட்தான் ஆபத்து. சீட்டில் உட்காராத வால்வுக்குச் சூடு இறங்க வழியில்லை, நாளடைவில் கருகிவிடும். அப்புறம் இன்ஜின் ஹெட்டை இறக்காமல் முடியாது. எங்களுக்கு நல்ல நேரம், டேப்பட் செட் செய்து கொஞ்ச நாள் ஓட்டிய பிறகு அளந்தபோது மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தன.

வேக்கம் டப்பா சென்னை புதுப்பேட்டையில் கிடைத்தது. மாட்டியதும் டைமிங் லைட் வைத்து டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, மெக்கானிக் சரிபார்த்தார். இந்தப் படியை விட்டுவிடாதீர்கள்.

இப்போது கோத்தகிரி ஏற்றத்தில் இரண்டாவது கியரில் திணறாமல் போகிறது, ஏசி இல்லாமல்தான். மைலேஜ் மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வந்துவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். பெட்ரோல் வரும் துளையின் (ஜெட்) அளவு மாறாத கார்புரேட்டரால் இதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ள முடியாது. பழைய ரப்பரும் எத்தனாலில் கெடும் என்பதால் பெட்ரோல் ஓஸ்களையும் பம்ப் டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டேன். டேப்பட் இடைவெளியை ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்கிறேன். கார்புரேட்டரை அதற்குப் பிறகு யாரும் கழற்றவில்லை.