ப்ளெக்ஸா, ஜெல்லிஃபின்னா? ரிமோட் யார் கையில் என்று முதலில் சொல்லுங்கள்

வீட்டில் மீடியா சர்வர், அதாவது வட்டில் உள்ள படங்களை வெளியூரிலிருந்தும் பார்க்கத் தரும் கணினி, வைக்கப்போகிறவர்கள் முதலில் கேட்பது அதற்கான மென்பொருளில் ப்ளெக்ஸ் நல்லதா, ஜெல்லிஃபின் நல்லதா என்பதைத்தான். மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஊரிலிருந்து யாராவது அப்படிக் கேட்டால் நான் வேறொன்றைத் திருப்பிக் கேட்பேன். அந்தப் பக்கம் ரிமோட்டைப் பிடித்திருக்கப்போவது யார்? சிங்கப்பூரில் வேலை செய்யும் தம்பியா, கிள்ளானில் இருக்கும் பெரியம்மாவா? சர்வர் ஒன்றாக இருந்தாலும் பதில் ஆளுக்கு ஆள் மாறும்.

என் வட்டில் இருப்பது சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்கள், தோட்டத்துக் கோயில் தீமிதி, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, செம்பனை நடுவதற்காக வெட்டப்பட்டுவிட்ட பால்மரக் காட்டில் எடுத்த சில காட்சிகள். பாதிக்கு மேல் பழைய கேசட்டிலிருந்து ஏற்றியவை. அது ஏன் முக்கியம் என்பது பின்னால் வரும்.

முதலில் பாதையைப் பார்ப்போம். வெளியிலிருந்து சர்வரே தென்படவில்லை என்றால், மென்பொருளைத் திட்டுவதற்கு முன் ரவுட்டரைத் திறந்து அதன் வெளிமுகவரியைப் பாருங்கள். 'என் ஐபி என்ன' என்று காட்டும் தளங்கள் சொல்லும் எண்ணும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் வேறாக இருந்து, ரவுட்டரில் உள்ளது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். அப்புறம் ப்ளெக்ஸுக்கு 32400, ஜெல்லிஃபின்னுக்கு 8096 என்று ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வாசல்) திறந்து ஒரு பயனும் இல்லை. பட்டணத்துத் தாமானில் ஃபைபர் வந்த வீடுகளுக்காவது தனிப் பொது முகவரி கிடைக்க வாய்ப்புண்டு. உள்ளே தோட்டத்தில் 4ஜி ரவுட்டரோ, 2023-இல் மலேசியாவுக்கு வந்த செயற்கைக்கோள் இணையமான ஸ்டார்லிங்கோ வைத்திருப்பவர்கள் அந்த நம்பிக்கையை விட்டுவிடுவது நல்லது.

இந்த இடத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. நேர்வழி அடைபட்டால் ப்ளெக்ஸ் தானாகவே தன் ரிலே, அதாவது தன் நிறுவனச் சர்வர்கள் வழியான சுற்றுவழியில் போகும். படம் வரும், ஆனால் ரிலேயில் காசு கட்டும் சந்தாதாரருக்கே 2 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 2 மெகாபிட்) தான் உச்சம். "தம்பி, பொண்ணு மூஞ்சியே தெரியலடா, எல்லாம் கட்டம் கட்டமா வருது" என்று பெரியம்மா போன் பண்ணினால், நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். சர்வர் பெயருக்குப் பக்கத்தில் 'இன்டைரக்ட்' என்று காட்டினால் சந்தேகம் உறுதி. ஜெல்லிஃபின்னுக்கு இப்படி ரிலே எதுவும் கிடையாது. பாதை இல்லையென்றால் இல்லை, அவ்வளவுதான். எனக்கு இந்த நேர்மை பிடித்திருக்கிறது. பெரியம்மாவுக்குப் பிடிக்காது.

காசு விஷயத்தில் ப்ளெக்ஸ் முன்பு போல் இல்லை. 2025 ஏப்ரல் 29 முதல் சொந்தக் காணொளியையே வெளியூரிலிருந்து பார்க்கக் கட்டணம் வந்துவிட்டது. சர்வர் வைத்திருப்பவர் ப்ளெக்ஸ் பாஸ் என்ற சந்தாவை எடுத்தால் அவர் பகிரும் உறவினர்கள் தனியாகக் கட்ட வேண்டியதில்லை. அன்றே வாழ்நாள் சந்தா 119.99 டாலரிலிருந்து 249.99 டாலராக ஏறியது. நம் வெள்ளியில் கணக்குப் போட்டால் சின்னத் தொகை இல்லை. ஜெல்லிஃபின் முழுக்க இலவசம். 2018 டிசம்பரில் எம்பி (Emby) என்ற இன்னொரு மீடியா சர்வர் மென்பொருள் தன் மூலநிரலை மூடியபோது அதிலிருந்து பிரிந்து வந்தது அது. அந்த எம்பி இன்றும் இருக்கிறது, ஆனால் வன்பொருள் டிரான்ஸ்கோடிங் (சில்லின் உதவியோடு படத்தை உடனுக்குடன் வேறு வகைக்கு மாற்றுவது) வேண்டுமென்றால் காசு கேட்கும். ஜெல்லிஃபின் அதை இலவசமாகத் தரும்போது எம்பியை எடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஜெல்லிஃபின்னுக்குப் பாதை போட்டுத் தர, உங்கள் கருவிகளை ஒரே தனி வலையமைப்பில் இணைக்கும் டெயில்ஸ்கேல் போதும். வயர்கார்ட் என்ற மறையாக்க நெறியின் மேல் ஓடுவது, சிறு குடும்பத்துக்கு இலவசம், போர்ட் எதையும் ஊருக்குத் திறந்துவைக்க வேண்டாம். தம்பியின் மடிக்கணினியிலும் கைப்பேசியிலும் போட்டுக் கொடுத்தால் சர்வர் பக்கத்து அறையில் இருப்பது போலத்தான். படம் திணறினால் 'டெயில்ஸ்கேல் ஸ்டேட்டஸ்' கட்டளையை ஓட்டிப் பாருங்கள். 'டைரக்ட்' என்றிருந்தால் உங்கள் இணைப்பின் முழு வேகமும் கிடைக்கும். 'ரிலே' என்றிருந்தால் இங்கேயும் சுற்றுவழிதான்; இரு பக்கமும் பொது முகவரி இல்லாதபோது இது நடக்கலாம். சர்வரை வெளியே கொண்டுபோகும் இன்னொரு வழியாகக் கிளவுட்ஃபிளேர் டன்னலையும் சிலர் சொல்வார்கள். வீடியோவைப் பெருமளவில் அதன் வழியே அனுப்புவதை அவர்கள் விதிமுறை விரும்புவதில்லை, அதனால் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

டெயில்ஸ்கேலின் குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. ஆண்ட்ராய்டு தொலைக்காட்சிக்கும் ஆப்பிள் டிவிக்கும் செயலி உண்டு. சாம்சங், எல்ஜி தொலைக்காட்சிகளில் போட முடியாது. பெரியம்மா வீட்டில் சுவரில் தொங்குவது அந்த வகைதான் என்றால், ஒரு ஆண்ட்ராய்டு பெட்டி வாங்கி மாட்டி, இரண்டாவது ரிமோட்டைப் பழக்கிவிட வேண்டும். இரண்டு ரிமோட்டைச் சமாளிக்க முடியாதவர்களுக்கு நான் ப்ளெக்ஸைத்தான் சொல்வேன், காசு போனாலும். ரவுட்டரில் தனிப் பொது முகவரி இருக்கிறதா என்பதை மட்டும் உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் அவ்வளவு காசு கட்டியும் 2 எம்பிபிஎஸ் கட்டம் கட்டமான படம்தான் மிஞ்சும்.

பாதை சரி, படம் மட்டும் மோசம் என்றால் அது வேறு நோய். ப்ளெக்ஸின் பல செயலிகள் வெளியூர்ப் பார்வைக்கு 720பி, 2 எம்பிபிஎஸ் என்ற தரத்தில்தான் தொடங்கும். அதை 'ஒரிஜினல்' ஆக்குவது ஒரு நிமிட வேலை. வீட்டு இணைப்பில் பார்க்க வேண்டியது இறக்க வேகத்தை அல்ல, ஏற்ற வேகத்தை. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது முன்னதை. 50 எம்பிபிஎஸ் ஏற்றம் இருந்தால் 8 எம்பிபிஎஸ் படத்தை நான்கைந்து பேர் தாராளமாகப் பார்க்கலாம். ப்ளூ-ரேயிலிருந்து அப்படியே எடுத்த 4கே கோப்பை ஒருவர் பார்ப்பதற்கே அது பற்றாமல் போகலாம்.

இனி அந்தக் கேசட்டுகள். மினி-டீவி கேசட்டை அப்படியே கணினியில் ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிகாபைட். வீடியோ மட்டும் விநாடிக்கு 25 மெகாபிட். தொலைக்காட்சிகள் இந்த வகையை நேராக இயக்காது, சர்வர்தான் உடனுக்குடன் மாற்றி அனுப்ப வேண்டும். போதாக்குறைக்குப் படம் ஒன்றுவிட்ட வரிகளாகப் பதிந்திருக்கும்; அவற்றைச் சரியாகச் சேர்க்காவிட்டால் தீமிதியில் ஓடுகிறவரின் கால் சீப்புப் பல்லாகத் தெரியும். ராஸ்பெர்ரி பை 5 என்ற குட்டிக் கணினியில் படத்தை மாற்றித் தரும் வன்பொருள் என்கோடரே கிடையாது, மூச்சு வாங்கும். அந்த வேலைக்கான குவிக் சிங்க் வசதி உள்ள இன்டெல் என்100 சின்னக் கணினிப் பெட்டிக்கு அது பெரிய வேலையில்லை. அதைவிடச் சுலபம், ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஒருமுறை வரிகளைச் சேர்த்து, தொலைக்காட்சிகள் நேராக இயக்கும் எச்.264 வகையில் 4 அல்லது 5 எம்பிபிஎஸ் ஆக மாற்றி வைத்துவிடுவது. மூலக் கோப்பு தனி வட்டில் பத்திரமாக இருக்கட்டும். இதைச் செய்துவிட்டால் ப்ளெக்ஸ், ஜெல்லிஃபின் இரண்டிலும் தர வேறுபாட்டை நீங்கள் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எதை எடுத்தாலும் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. சாயங்கால இடிமழையில் பிரேக்கர் விழுந்து சர்வர் அணைந்தால், மின்சாரம் வந்ததும் தானே எழும்படி பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) மாற்றி வையுங்கள். டெயில்ஸ்கேல் வைத்திருப்பவர்கள் அதன் நிர்வாகப் பக்கத்தில் சர்வருக்கு மட்டும் அதன் நுழைவுச் சாவி காலாவதியாவதையும் நிறுத்திவிடுங்கள். அது இயல்பாக 180 நாளில் காலாவதியாகும். காலாவதியானால் சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் வெளியூரிலிருந்து யாருக்கும் தென்படாது.