ஈஎக்ஸ் 5: என்ஜின் தங்கம், ஹெட்லைட்டுக்கு மட்டும் மன்னிப்பு இல்லை

பினாங்குப் பாலத்துக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் சித்தப்பா மகன் ஒரு படம் அனுப்பியிருக்கிறான். கார்புரேட்டர் காலத்து ஹோண்டா ஈஎக்ஸ் 5 மோட்டார் சைக்கிள். பக்கக் கவசம் உடைந்திருக்கிறது, கிரான் (வண்டியின் பதிவுப் பத்திரம்) சரியாக இருக்கிறதாம். “வாங்கிப் பிரிச்சுக் கட்டலாமாண்ணே? பாலத்துல தினம் பாயான் லெப்பாசுக்கு வரணும்” என்று கேட்கிறான். இதே கேள்வியை இன்னும் சிலரும் கேட்டுவிட்டதால் எல்லாருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பதும் அதே கப்சாய்தான், சின்ன என்ஜின் மோட்டார் சைக்கிளை இங்கே அப்படித்தான் சொல்வோம். 97 சிசி, நாலு கியர், கிளட்ச் லீவர் கிடையாது, முன்னும் பின்னும் டிரம் பிரேக். முழுக்கப் பிரித்துக் கட்டி வருடங்கள் ஆகிவிட்டன. மழை, இரவு ஷிப்டு, பாலிக் பூலாவ் மலைப்பாதை என்று எல்லாவற்றிலும் ஓடிவிட்டது.

முதலில் என்ஜின். நீலப்புகை விட்டுக்கொண்டிருந்த வண்டி. பிளாக்கைக் கழற்றியபோது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் சுவரில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு. இதன் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 50 மில்லிமீட்டர். அடுத்தடுத்த அளவு பிஸ்டன்கள் கால் மில்லி, அரை மில்லி கூடுதலாகக் கிடைக்கும். புதுப் பிஸ்டனை வாங்கி லேத் கடைக்காரர் கையில் கொடுத்து, அதை அளந்து பார்த்துத்தான் சிலிண்டரைக் கடைந்து போரிங் போடச் சொல்ல வேண்டும். பிஸ்டனைப் பார்க்காமல் பொது அளவுக்குக் கடைந்தால் சூடேறும்போது பிடித்துக்கொள்ளும், அல்லது மறுபடியும் எண்ணெய் குடிக்கும். வால்வு சீல், டைமிங் செயின் இரண்டையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது. வால்வு இடைவெளி உள்ளிழுக்கும் வால்வு, வெளியேற்றும் வால்வு இரண்டுக்கும் 0.05 மில்லி, என்ஜின் ஆறியிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்பு நானே பார்த்துக்கொள்கிறேன்.

பல பட்டறைகளில் தொடாமல் விடும் இடம் ஒன்று உண்டு. இந்த என்ஜினில் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. ஒரு சல்லடை இருக்கிறது, அதோடு கிளட்ச் பக்கம் கிராங்க் முனையில் சுழலும் ஒரு கிண்ணம். சுழலும் வேகத்தில் அழுக்கு அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும், சுத்தமான எண்ணெய் உள்ளே போகும். வலப்பக்கக் கவரைத் திறந்து அதை வழித்தபோது கறுப்புக் களிமண் மாதிரி வந்தது. எத்தனை வருடத்து அழுக்கோ! அதைச் சுத்தம் செய்யாமல் விலையுயர்ந்த எண்ணெய் ஊற்றி என்ன பயன்?

இதற்கெல்லாம் இந்த என்ஜின் திருப்பித் தந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. பேட்டரி செத்துக் கிடந்தாலும் ஒரு உதையில் எழும்பும், ஏனென்றால் தீப்பொறிக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை, என்ஜினோடு சேர்ந்து சுழன்று மின்சாரம் தரும் மேக்னெட்டிலிருந்து நேராக வருகிறது. உதிரிப்பாகம் கேட்டு இல்லை என்று சொன்ன கடையை பினாங்கில் நான் பார்த்ததில்லை. ஹோண்டாவை மலேசியாவுக்குக் கொண்டுவந்த லோ பூன் சியூ இந்த ஊர்க்காரர் அல்லவா.

இனி ஹெட்லைட்.

தீப்பொறியைப் போலவே ஹெட்லைட்டுக்கும் மின்சாரம் மேக்னெட் சுருளிலிருந்து நேராகத்தான் வருகிறது. சிக்னல், ஹாரன் பேட்டரியில்; ஹெட்லைட் என்ஜினின் சுற்றில். திராட்டலை விட்டால் வெளிச்சம் சுருங்கிவிடும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது, சந்தியில் திரும்பக் காத்திருக்கும்போது, அதாவது மற்றவர்கள் நம்மைக் கண்டே ஆக வேண்டிய நேரத்தில், முன்னால் ஒரு மஞ்சள் பொட்டுதான் எரியும். 1992 முதல் இந்த நாட்டில் மோட்டார் சைக்கிள் பகலிலும் லைட் போட்டு ஓட வேண்டும். காரணம் ஒன்றே ஒன்று: கார்க்காரன் கண்ணில் நாம் பட வேண்டும். அப்படிப்பட்ட நாட்டில் நிற்கும்போது மங்கிப்போகும் விளக்கை நான் எப்படிப் பொறுத்துக்கொள்வேன்? போன வாரம் பாயா தெருபோங் பக்கம், மழை, இரவு. திரும்புவதற்காக நின்றிருந்தேன். எதிரே வந்த வேன் என்னைக் காணவே இல்லை. கடைசி நொடியில் விலகிப் போனான்.

செய்யாததும் இல்லை. ஃபிரேமுக்குப் பெயிண்ட் அடித்த கடையில் எர்த் போல்ட் உட்காரும் இடத்தையும் சேர்த்துப் பூசிவிட்டார்கள். பச்சை வயர் பெயிண்டின் மேல் உட்கார்ந்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வெறும் இரும்பில் முடுக்கியதும் நல்ல மாற்றம் தெரிந்தது. பழையது கட்டுகிற எல்லாரும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். கடற்காற்றில் பச்சை பூத்த கனெக்டர்களையும் துடைத்தேன், மின்சாரம் அளவு மீறாமல் பார்த்துக்கொள்ளும் ரெகுலேட்டரையும் மாற்றினேன். ஓடும்போது இப்போது குறையே இல்லை. நின்றால் பழைய கதைதான்.

ஐட்லிங்கை, அதாவது திராட்டலை விட்டபோது என்ஜின் சுற்றும் வேகத்தை, கூட்டினால் ஆகாதா என்று கேட்பார்கள். இந்த வண்டியின் கிளட்ச், என்ஜின் சுற்று ஏறினால் தானே பிடிக்கும் வகை. ஐட்லிங் ஏறினால் கியரில் நிற்கும்போதே வண்டி முன்னால் இழுக்கும், கியர் போட்டால் ‘டொக்’கென்று உதைக்கும். வாட் கூடிய பல்பு போட்டால் சுருளுக்குக் கொடுக்கச் சக்தி இல்லை, மேலும் மங்கும். மலிவான எல்இடி நிற்கும்போது படபடவென்று துடிக்கும். உண்மையான தீர்வு ஒன்று இருக்கிறது: மேக்னெட் சுருளின் எர்த் முனையைப் பிரித்துத் தனி வயர் இழுத்து, சுருளின் மின்சாரம் முழுவதையும் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஃபுல் வேவ் ரெகுலேட்டர் வைத்து, ஹெட்லைட்டை பேட்டரிக்கு மாற்றுவது. அதைச் சுத்தமாகச் செய்யத் தெரிந்த போமன் (மெக்கானிக்) வேண்டும். கம்பெனி வயரிங்கை வெட்டி டேப் சுற்றிக் கொடுப்பவனிடம் நான் வண்டியை விடமாட்டேன்.

பாலத்தில் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்காதே தம்பி. 13.5 கிலோமீட்டரும் ஒரே வேகம், விளக்கு பளிச்சென்று எரியும். 2019 முதல் நமக்கு டோலும் இல்லை, மனசு குளிர்ந்துவிடும். துன் சார்டோன் மலைச்சாலையில் இரவில் இறங்கிப் பார். கொண்டை ஊசி வளைவில் டாப் கியரிலேயே வந்தால், வளைவு தெரிய வேண்டிய இடத்தில் இருட்டும். ஒரு கியர் இறக்கினால்தான் சுற்று ஏறி வெளிச்சம் திரும்பும். டிரம் பிரேக்குக்கும் அதுவே நல்லது.

என் பதில்: வாங்காதே. இரவு ஷிப்டுக்குப் போகிறவனுக்கு இந்த விளக்கு போதாது. ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வந்த பிறகு வெளியான வண்டி ஒன்றைத் தேடு, ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) கூடப் போனாலும் பரவாயில்லை. என்னுடையதை விற்பாயா என்று கேட்காதே, விற்க மாட்டேன்.

மீறிப் போய்ப் பார்ப்பாய் என்று தெரியும். பொழுது சாய்ந்து போ. வண்டிக்காரர் முன்கூட்டியே சூடாக்கி வைக்காமல் ஆறிய என்ஜினை உன் முன்னால் உதைக்கச் சொல். நியூட்ரலில் விட்டு, ஹெட்லைட் சுவரில் எப்படி விழுகிறது என்று பார். பிறகு திராட்டலை முறுக்கு. வெளிச்சம் ஏறி ஒரு அளவில் நின்றால் ரெகுலேட்டர் வேலை செய்கிறது. ஏறிக்கொண்டே போனால் பல்பு வெடிக்கும், அந்தச் செலவை விலையில் கழி. கிரானில் இருக்கும் என்ஜின் நம்பரும் பிளாக்கின் கீழே கொத்தியிருக்கும் நம்பரும் ஒன்றாக இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துவிட்டு வா.